கோல்ஃப் விளையாடச் சிறந்த மாநிலம் எது? கவடியார் முதல் குல்மார்க் வரை ஒரு பார்வை

திருவனந்தபுரம்: அமெரிக்காவில் கோல்ஃப் விளையாட ஏற்ற மாநிலம் எது என்பதை அந்நாட்டு இதழ்கள் ஆண்டுதோறும் பட்டியலிட்டு வருகின்றன. மைதானங்களின் எண்ணிக்கையில் புளோரிடா முதலிடம் வகிக்கிறது. கடலோரக் காட்சிக்குக் கலிபோர்னியாவும் ஓரிகனும் பெயர் பெற்றவை. பொதுமக்கள் எளிதில் விளையாடக்கூடிய மைதானங்கள் மிகுந்திருப்பது மிச்சிகனின் சிறப்பு. இதே கேள்வியை இந்திய மாநிலங்களைக் குறித்து எழுப்பினால் விடை அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. மைதானத்தின் தரம் ஒருபுறமிருக்க, அதன் வாயிற்கதவு யாருக்குத் திறக்கும் என்பதே இங்கு முதற்கேள்வியாக உள்ளது.

இதற்குச் சரியான எடுத்துக்காட்டு கேரளத் தலைநகரிலேயே இருக்கிறது. திருவனந்தபுரத்தின் கவடியார் பகுதியில் 'கோல்ஃப் லிங்க்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு சாலை உண்டு. அதையொட்டி, கவடியார் அரண்மனைக்கு அருகில் அமைந்துள்ளது திருவனந்தபுரம் கோல்ஃப் கழகம். திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில் தோன்றிய இக்கழகம், நாட்டின் பழமையான கோல்ஃப் கழகங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. நகரின் விலையுயர்ந்த குடியிருப்புப் பகுதியின் நடுவே, சுமார் 25 ஏக்கரில் 9 குழிகள் கொண்ட மைதானம் இது.

இவ்விடத்தில் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. ஆங்கிலத்தில் 'ஹோல்' என்ற ஒரே சொல், பந்து விழும் சிறு பள்ளத்தையும் குறிக்கும். பந்தை முதன்முதலில் அடிக்கும் இடத்திலிருந்து அப்பள்ளம் வரை நீளும் முழு நிலப்பரப்பையும் குறிக்கும். தமிழில் இரண்டையும் 'குழி' என்றே எழுதுவதால், ஒன்பது பள்ளங்களுக்கு 25 ஏக்கர் எதற்கு என்று வாசகர் வியப்பது இயல்பே. பள்ளத்தின் குறுக்களவு 10.8 செ.மீ. மட்டுமே. ஆனால் அதை நோக்கிச் செல்லும் புல்வெளிப் பாதை 150 மீட்டரிலிருந்து 500 மீட்டர் வரை நீளக்கூடும். முழு அளவிலான 18 குழி மைதானத்துக்குப் பொதுவாக 100 முதல் 150 ஏக்கர் நிலம் வேண்டும். ஒரு சுற்று ஆடி முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேலாகும். 9 குழி மைதானங்களில் அதே பாதையை இருமுறை சுற்றி வந்து 18 என்ற கணக்கை நிறைவு செய்வர்.

அந்தக் கணக்கின்படி பார்த்தால் கவடியார் மைதானம் மிகச் சிறியது. ஆனால் அந்த 25 ஏக்கர் அரசு நிலம் என்பதே பிரச்சினைக்கு வித்திட்டது. குத்தகை நிலத்தை மீட்க மாநில அரசு நடவடிக்கை எடுத்ததும், கழகம் நீதிமன்றத்தை நாடியதும் கேரளத்தில் நெடுங்காலம் செய்தியாக இருந்தன. நகரின் நடுவே இவ்வளவு பெரிய நிலத்தைச் சில நூறு உறுப்பினர்கள் மட்டும் அனுபவிப்பது முறையா என்பது ஒரு தரப்பின் கேள்வி. மைதானத்தை எடுத்துவிட்டால் அங்கு எஞ்சியுள்ள பசுமையும் கட்டடங்களாகிவிடும் என்பது மறுதரப்பின் வாதம். இந்நிலையில் இந்திய விளையாட்டு ஆணையம் அங்கு கோல்ஃப் பயிற்சிக்கான ஏற்பாடுகளை மேற்கொண்டது. மத்திய அரசு நிதியில் மைதானமும் சீரமைக்கப்பட்டது. உறுப்பினர் அல்லாத மாணவர் ஒருவர் மட்டையைக் கையில் எடுக்க அவ்வகையில் ஒரு வழி பிறந்தது எனலாம்.

கேரளத்தின் பிற மைதானங்கள்

கேரளத்தில் மைதானங்களின் எண்ணிக்கை குறைவு. கொச்சியில் டச்சுக்காரர்கள் 1744-ஆம் ஆண்டு கட்டிய போல்காட்டி மாளிகையைச் சுற்றி, காயல் நீர் சூழ்ந்த தீவில் ஒரு சிறிய 9 குழி மைதானம் உள்ளது. மூணாறில் தேயிலைத் தோட்ட அதிகாரிகள் அமைத்த ஹை ரேஞ்ச் கழகத்தின் மைதானம், மலைச்சரிவும் ஓடையும் கலந்த அழகிய இடம்.

அளவிலும் திட்டமிடலிலும் இவற்றிலிருந்து வேறுபடுவது நெடும்பாசேரியில் உள்ள கொச்சி சர்வதேச விமான நிலையத்தின் கோல்ஃப் மைதானம். சுமார் 130 ஏக்கர் பரப்பில் அமைந்த இம்மைதானத்தில் பல செயற்கை ஏரிகள் வெட்டப்பட்டு, மழைநீர் சேமிக்கப்படுகிறது. அவற்றில் இரு ஏரிகளின் மேல் 452 கிலோவாட் திறனுள்ள மிதக்கும் சூரிய மின்னுற்பத்தி அமைப்பு 2021 ஜனவரியில் செயல்பாட்டுக்கு வந்தது. கோல்ஃப் மைதானம் என்றாலே தண்ணீரை வீணடிக்கும் இடம் என்ற பொதுவான குற்றச்சாட்டுக்கு இந்தியாவில் தரப்பட்டுள்ள உருப்படியான பதில்களில் இதுவும் ஒன்று.

ஆயினும் கேரளத்துக்குப் பருவமழையே பெரும் தடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்த சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை. நனைந்த தரையில் பந்து விழுந்த இடத்திலேயே புதைந்துவிடும், உருளாது. எனவே ஆண்டில் ஏறத்தாழ பாதி நாட்கள் மட்டுமே இங்கு விளையாட்டுக்கு உகந்தவை.

தமிழகம்: மலையில் பெருமை, நகரில் வழக்கு

காட்சிக்காக மட்டும் ஒரு மாநிலத்தைத் தேர்வு செய்யச் சொன்னால், தென்னிந்தியாவில் தமிழகத்தையே குறிப்பிட வேண்டும். உதகமண்டலத்தின் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில், கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் அமைந்துள்ள 18 குழி ஜிம்கானா மைதானத்தில் சோலைக்காடுகளும், பிரிட்டிஷார் கொண்டுவந்து நட்ட மஞ்சள் பூ பூக்கும் முட்புதர்களும் பாதையின் இருபுறமும் நிற்கின்றன. புதருக்குள் சென்ற பந்தைத் தேடுவதை அனுபவம் உள்ளவர்கள் கைவிட்டுவிடுவார்கள். வெலிங்டனில் மற்றொரு 18 குழி மைதானம் உண்டு. 1895-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கொடைக்கானல் கோல்ஃப் கழகத்தில் காட்டெருமைகள் புல்வெளியில் மேய்வது அன்றாடக் காட்சி. அவை நகரும்வரை ஆட்டக்காரர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

மலை மைதானங்களில் இன்னொரு வியப்பும் உள்ளது. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால் பந்து கூடுதல் தூரம் பறக்கும். சுமார் 1,600 மீட்டர் உயரத்திலுள்ள அமெரிக்காவின் டென்வர் நகரில் இந்தக் கூடுதல் ஏறத்தாழ 6 சதவீதம் என்று கணக்கிடப்பட்டுள்ளது. உதகை அதைவிட உயரமான இடம். சென்னையில் பழகிய ஒருவர் அங்கு சென்று வழக்கமான மட்டையைக் கையில் எடுத்தால், பந்து இலக்கைத் தாண்டிச் சென்று விழும்.

சமவெளியில் கோவை செட்டிபாளையத்தில் உள்ள 18 குழி மைதானம் தொழில்முறைப் போட்டிகள் நடைபெறும் தரத்தில் பராமரிக்கப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழலில் இருப்பதால் சென்னையைவிட வெப்பமும் புழுக்கமும் குறைவு. சென்னையில் நந்தனம் பகுதியில் காஸ்மோபாலிடன் கழகத்தின் மைதானமும், கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் உட்புறத்தில் மெட்ராஸ் ஜிம்கானா கழகத்தின் மைதானமும் நூற்றாண்டுக்கால நகர வாழ்வின் பகுதியாக இருந்து வந்துள்ளன.

கிண்டியில் நிலைமை கவடியாரை நினைவூட்டுகிறது. 160 ஏக்கருக்கும் மேற்பட்ட பந்தய மைதான நிலத்தின் குத்தகையைத் தமிழக அரசு ரத்து செய்து, 2024 செப்டம்பரில் அந்த இடத்தைச் சீல் வைத்தது. வெள்ளநீரைத் தேக்கக் குளங்களும் பசுமைப் பூங்காவும் அமைக்கப்படும் என்று அரசு அறிவித்தது. பந்தயத்துக்கும் கோல்ஃபுக்கும் ஒரே நிலம் என்பதால் இரண்டும் ஒருசேர வழக்கில் சிக்கின. அதே ஆண்டில் உதகை குதிரைப் பந்தய மைதானத்தின் 52 ஏக்கரையும் அரசு மீட்டது குறிப்பிடத்தக்கது. வேளச்சேரியும் சுற்றுப்புறமும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நீரில் மூழ்குவதைக் கண்டவர்களிடம், குளத்தைவிட கோல்ஃப் முக்கியம் என்று வாதிடுவது கடினம்.

கர்நாடகம் முந்துவது ஏன்?

ஆட்டத்தின் தரம், தட்பவெப்பம், உருவான வீரர்கள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தெற்கில் கர்நாடகமே முன்னணியில் நிற்கிறது. பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கோடையிலும் காலை வேளைகளில் விளையாட இயலும். 1876-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பெங்களூரு கோல்ஃப் கழகம் இன்றும் நகரின் மையத்தில், சாங்கி சாலையில் இயங்கி வருகிறது. பழைய விமான நிலையச் சாலையில் உள்ள கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் மைதானத்தை வடிவமைத்தவர், பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தை ஐந்து முறை வென்ற ஆஸ்திரேலியரான பீட்டர் தாம்சன். பிடதியில் ஈகிள்டன், நந்தி மலையடிவாரத்தில் பிரெஸ்டீஜ் கோல்ஃப்ஷயர் எனப் புதிய மைதானங்களும் உள்ளன. மைசூரு, சிக்கமகளூரு, குடகு ஆகிய இடங்களிலும் மைதானங்கள் இருப்பதால், ஒரு வாரப் பயணத்தில் வெவ்வேறு நிலத்தோற்றங்களில் விளையாட முடியும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் வெண்கலப் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பிடித்த அதிதி அசோக் இந்நகரத்துப் பெண். கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் பயிற்சித் திடலை ஒட்டிய உணவகத்தில் குடும்பத்துடன் அமர்ந்திருந்தபோதுதான் அவர் முதன்முதலில் இந்த ஆட்டத்தைக் கண்டார். அப்போது அவருக்கு ஐந்து வயது. ரியோ ஒலிம்பிக்கில் தந்தையும் டோக்கியோவில் தாயும் அவருக்கு மட்டைப் பையைச் சுமந்தனர். மைதானத்தைக் கண்ணால் காணும் வாய்ப்பே ஒரு குழந்தையை இவ்விளையாட்டுக்குள் இழுத்து வந்தது என்பதை இங்கு கவனிக்க வேண்டும். உயர்ந்த மதில்களுக்குப் பின்னால் நடக்கும் ஆட்டத்துக்கு இத்தகைய தற்செயல்கள் வாய்ப்பதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. அது மைதான ஊழியர்களின் குடியிருப்பிலிருந்து தொடங்குகிறது. ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து, பந்து விழுந்த இடத்தைக் காட்டி, காற்றின் திசையைச் சொல்லும் உதவியாளர் 'கேடி' எனப்படுகிறார். பெரும்பாலான கழகங்களில் இவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று ஆட்டக்காரரே கொடுப்பார். பராமரிப்புக்காக மைதானம் மூடப்படும் நாளில், பெரும்பாலும் திங்கட்கிழமைகளில், இவர்களும் விளையாட அனுமதிக்கும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. அந்த ஒருநாள் அனுமதியிலிருந்து வந்தவர்களின் வரிசை நீளமானது. பெங்களூரில் கேடியாக இருந்த சி.முனியப்பா 2009-இல் இந்திய ஓபன் பட்டத்தை வென்றார். ஈகிள்டனில் பந்து பொறுக்கத் தொடங்கிய சிக்கரங்கப்பா ஆசியப் போட்டிகளில் பங்கேற்கும் வீரராக உயர்ந்தார். டெல்லி கோல்ஃப் கழகத்தில் கேடியாக இருந்த அலி ஷேர், 1991-இல் இந்திய ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் என்ற பெருமையைப் பெற்றார்.

வரலாற்றுக்கு வங்கம், பணத்துக்குத் தலைநகர் வட்டாரம்

பழமையில் மேற்கு வங்கத்துக்கு இணையில்லை. 1829-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ராயல் கல்கத்தா கோல்ஃப் கழகம், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகின் மிகப் பழமையான கோல்ஃப் கழகமாகும். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911 வருகையை ஒட்டி 'ராயல்' பட்டம் கிடைத்தது. பாதையின் குறுக்கே வரும் பெரிய குளங்களே இம்மைதானத்தின் சவால். இங்கு புல்வெளிப் பராமரிப்பாளரின் மகனாகப் பிறந்த எஸ்.எஸ்.பி.சௌராசியா, மைதானத்துக்குள்ளேயே வளர்ந்து, ஐரோப்பியத் தொடரில் நான்கு பட்டங்களை வென்றார். அவற்றில் 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளின் இந்திய ஓபனும் அடங்கும்.

உலகத் தரத்திலான மைதானங்களை ஒரே வட்டாரத்தில் காண விரும்புவோர் டெல்லிக்கும் ஹரியாணாவுக்கும் செல்ல வேண்டும். 1931-இல் லோதி கோல்ஃப் கழகமாகத் தொடங்கிய டெல்லி கோல்ஃப் கழகத்தில், முகலாயர் கால நினைவுச் சின்னங்களுக்கு இடையே மயில்கள் நடமாடும். ஆனால் உறுப்பினராக விண்ணப்பித்தோர் பல பத்தாண்டுகள் காத்திருப்பதாகக் கூறப்படும் இடமும் இதுவே. 2025 அக்டோபரில் இங்கு நடைபெற்ற டிபி வேர்ல்டு இந்தியா சாம்பியன்ஷிப்பில் ரோரி மெக்கில்ராய் உள்ளிட்ட முன்னணி வீரர்கள் பங்கேற்றனர். பட்டத்தை இங்கிலாந்தின் டாமி ஃபிளீட்வுட் வென்றார். அருகில் குருகிராமில் கேரி பிளேயர் வடிவமைத்த டிஎல்எஃப் மைதானம், கடினத்தன்மைக்காகவே தொழில்முறை வீரர்களால் அஞ்சப்படுவது. தவுரு பகுதியில் ஜாக் நிக்லாஸ் வடிவமைத்த மைதானமும், கிரேட்டர் நொய்டாவில் கிரெக் நார்மன் வடிவமைத்த மைதானமும் உள்ளன. கட்டணமும் அதற்கேற்றதே.

அதே டெல்லியில், லாடோ சராய் பகுதியில் டெல்லி வளர்ச்சி ஆணையம் நடத்தும் குதுப் கோல்ஃப் மைதானத்தையும் குறிப்பிட வேண்டும். உறுப்பினராக இல்லாதவரும் கட்டணம் செலுத்தி விளையாடக்கூடிய பொது மைதானம் இது. குதுப் மினாரைப் பார்த்தபடி பந்தடிக்கலாம். நமது மதிப்பீட்டில், பெரும் பெயர்கள் வடிவமைத்த மைதானங்களைவிட டெல்லிக்குக் கூடுதல் மதிப்பெண் பெற்றுத் தருவது இதுதான். எனினும் கோடை வெயிலும், டிசம்பர், ஜனவரி மாதங்களின் மூடுபனியும், குளிர்காலக் காற்று மாசும் தலைநகரின் விளையாட்டுப் பருவத்தைப் பெரிதும் சுருக்கிவிடுகின்றன.

இமயத்தில் ஸ்ரீநகரின் ராயல் ஸ்பிரிங்ஸ் மைதானம், தால் ஏரிக்கு மேலே ஜபர்வான் மலைச்சரிவில், ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் ஜூனியர் வடிவமைத்தது. குல்மார்க் மைதானம் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது; குளிர்காலத்தில் அதே இடம் பனிச்சறுக்குக்குப் போய்விடும். சிம்லாவுக்கு அருகே நால்தேராவில் கர்சன் பிரபு விரும்பி அமைத்த மைதானமும், மேகாலயத்தில் பைன் மரங்கள் சூழ்ந்த ஷில்லாங் மைதானமும் பயணிகள் தேடிச் செல்லும் இடங்கள். சண்டிகர் கழகம் ஜீவ் மில்கா சிங்கைத் தந்தது. ஹைதராபாத்தில் கோல்கொண்டா கோட்டையின் ஒரு பகுதிக்குள்ளேயே மைதானம் அமைந்திருப்பது தனிச் சர்ச்சை.

பொது நிலம், பொது மைதானம்

அமெரிக்காவில் உள்ள சுமார் 16,000 மைதானங்களில் நான்கில் மூன்று பங்கு பொதுமக்களுக்குத் திறந்தவை. நியூயார்க் மாநில அரசின் பூங்காவுக்குள் உள்ள பெத்பேஜ் பிளாக் மைதானத்தில் 2002, 2009 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க ஓபனும், 2025-இல் ரைடர் கோப்பையும் நடைபெற்றன. மறுவாரம் அதே புல்வெளியில் சாதாரண ஊழியர் ஒருவர் கட்டணம் செலுத்தி விளையாடலாம். கலிபோர்னியாவின் டோரி பைன்ஸ், சான் டியாகோ மாநகராட்சிக்குச் சொந்தமானது. இந்த ஆட்டத்தின் தாயகமான ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பழைய மைதானம் ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக ஆட்டத்துக்கு மூடப்பட்டு, ஊர் மக்கள் நடைபயிலும் பூங்காவாகிவிடுகிறது.

இந்தியாவில் பழைய கழகங்கள் பலவும் அரசு நிலத்தில்தான் இயங்குகின்றன. ராணுவத்தின் பொறுப்பிலும் கணிசமான மைதானங்கள் உள்ளன. ஆனால் பெத்பேஜ் போன்ற ஏற்பாடு அரிது. அரசு எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது கழகமே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற இரு முனைகளில் வாதம் நின்றுவிடுகிறது. கவடியாரில் ஞாயிறு காலை மைதானத்தைச் சுற்றி மக்கள் நடக்கவும், வாரநாள் மாலையில் அரசுப் பள்ளி மாணவர் பயிற்சி பெறவும் வழிசெய்வது நடைமுறையில் இயலாதது அன்று. 2016, டோக்கியோ, பாரிஸ் ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் இந்திய கோல்ஃப் அணியில் கேரளத்தவர் எவரும் இடம்பெறவில்லை.

புதிதாக ஆட விரும்புவோருக்கு

எந்த மாநிலமானாலும் நேரடியாக மைதானத்தில் இறங்க இயலாது. முதலில் பயிற்சித் திடலில் கூடைக் கணக்கில் பந்துகளை வாங்கி அடித்துப் பழக வேண்டும். மட்டைகளை வாடகைக்குப் பெறலாம். தொடக்கத்திலேயே விலை கொடுத்து வாங்குவது வீண் செலவு. காலர் வைத்த சட்டை பெரும்பாலும் கட்டாயம். வெளியாட்களை அனுமதிக்கும் கழகங்களிலும் வார இறுதி நாட்கள் உறுப்பினர்களுக்கே ஒதுக்கப்படுவதால், வாரநாட்களில் முன்பதிவு செய்வது நல்லது. ஆட்டத் திறனைக் காட்டும் 'ஹேண்டிகேப்' சான்றைச் சில கழகங்கள் கேட்கும்.

தெற்கிலிருந்து புறப்படுவோர் இலங்கையையும் கருத்தில் கொள்ளலாம். 1879-இல் தொடங்கிய ராயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தின் மைதானத்துக்குள் ரயில் பாதையே செல்கிறது. நுவரெலியாவின் மலை மைதானமும், கண்டிக்கு அருகே விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் உள்ள மைதானமும் வெளிநாட்டுப் பயணிகளை வரவேற்பவை. கேரளத்திலும் சமவெளித் தமிழகத்திலும் டிசம்பர் இறுதி முதல் மார்ச் தொடக்கம் வரையிலான காலம் ஏற்றது. பெங்களூருக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை. ஸ்ரீநகருக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை.